நுண்துளைச் சிலிக்கான்: ஒரு மென்படலத்தின் நிகழ்வு ஆய்வு

பிரிட்டனின் மால்வர்ன் நகரில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கிய ராயல் சிக்னல்ஸ் அண்ட் ரேடார் எஸ்டாப்ளிஷ்மென்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த லீ கேன்ஹாம் 1990-இல் ஒரு சிறிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். சிலிக்கான் வேஃபரின் (மின்னணுச் சில்லுகள் செய்யப் பயன்படும் மெல்லிய படிக வட்டின்) மேற்பகுதியை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் மின்வேதி முறையில் அரித்து, நுண்துளைகள் நிறைந்த மென்படலமாக மாற்றி, அதன்மீது ஒரு மில்லிவாட்டுக்கும் குறைந்த திறனுள்ள, குவிக்கப்படாத பச்சை அல்லது நீல லேசர் ஒளியைப் பாய்ச்சினால், அறை வெப்பநிலையிலேயே வெறுங்கண்ணுக்குத் தெரியும்படி அது சிவப்பாக ஒளிர்கிறது என்பதே கட்டுரையின் செய்தி. ஒளி உமிழ்வதில் சிலிக்கான் பயனற்றது என்று மூன்று தலைமுறை இயற்பியலாளர்கள் பாடப்புத்தகங்களில் படித்திருந்த நிலையில், இந்த அறிவிப்பு உலகெங்கும் உள்ள குறைக்கடத்தி ஆய்வகங்களை ஒரே நேரத்தில் அமிலத் தொட்டியின் பக்கம் திருப்பியது.

அந்த மென்படலம் எவ்வாறு செய்யப்படுகிறது, ஏன் ஒளிர்கிறது, ஒளி தரும் சாதனமாக ஏன் சந்தைக்கு வரவில்லை, பிறகு எந்த வழியாகத் தொழிற்சாலைக்குள் நுழைந்தது என்பவற்றை இந்த ஆய்வு வரிசையாகப் பார்க்கிறது. இந்த நான்கு கேள்விகளுக்கும் உரிய விடை படலத்தின் உட்பரப்பில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. ஒரு கன சென்டிமீட்டர் நுண்துளைச் சிலிக்கானுக்குள் சில நூறு சதுர மீட்டர் பரப்பு அடங்கியிருக்க முடியும். இப்படிப்பட்ட பொருளில் உள்ளே இருக்கும் சிலிக்கானைவிட, அதன் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஒற்றை அடுக்கு ஹைட்ரஜனோ ஆக்சிஜனோதான் பல வேளைகளில் அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது.

திண்மச் சிலிக்கான் ஏன் ஒளிர்வதில்லை என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான்கள் பிணைந்திருக்கும் இணைதிறன் பட்டைக்கும் அவை தடையின்றி நகரும் கடத்துப் பட்டைக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு, 1.12 எலக்ட்ரான் வோல்ட். இந்த ஆற்றலுக்கு உரிய அலைநீளம் அகச்சிவப்புப் பகுதியில் விழுகிறது. அதோடு, கடத்துப் பட்டையின் அடித்தளமும் இணைதிறன் பட்டையின் உச்சியும் வெவ்வேறு உந்த மதிப்புகளில் அமைந்திருப்பதால், ஓர் எலக்ட்ரானும் ஒரு மின்துளையும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற, நேர்மின்னூட்டம் போல நகரும் காலியிடம்) சேர்ந்து ஒளியாக மாற வேண்டுமானால் படிக அதிர்வு ஒன்றின் துணையும் அதே கணத்தில் கிடைத்தாக வேண்டும். அது அரிதாகவே நடக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் எலக்ட்ரான் ஏதேனும் ஒரு படிகக் குறைபாட்டில் சிக்கித் தன் ஆற்றலை வெப்பமாக இழந்துவிடுகிறது.

இந்தப் படலம் 1990-இல் புதிதாகப் பிறந்ததல்ல. 1950-களின் நடுவில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் உலிர், ஜெர்மானியத்தையும் சிலிக்கானையும் மின்வேதி முறையில் செதுக்கி மெருகேற்றும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். மின்னோட்டம் போதிய அளவு இருந்தபோது பரப்பு பளபளப்பாக வந்தது. ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியபோது கறுப்பும் பழுப்பும் சிவப்புமாக ஒரு பூச்சு படிந்தது. மெருகேற்ற வந்தவருக்கு அது வேண்டாத படிவு. 1956-இல் அவர் அதைப் பதிவு செய்தார். 1958-இல் டென்னிஸ் டர்னர் அதை மேலும் ஆராய்ந்தார். ஆனால் அது மேலே வந்து படிந்த வேறொரு சேர்மம் அல்ல, வேஃபரின் சொந்தச் சிலிக்கான்தான் துளைபட்டு எஞ்சி நிற்கிறது என்பது 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானில் வதனபேயும் சகாயும் செய்த ஆய்வுகளால்தான் தெளிவானது. 1984-இல் பிக்கரிங்கும் அவருடைய சகாக்களும் மிகக் குறைந்த வெப்பநிலையில் இந்தப் படலம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியை உமிழ்வதைக் கண்டு எழுதியும் இருந்தார்கள். உலிர் பதிவு செய்ததற்கும் கேன்ஹாம் எழுதியதற்கும் இடையே 34 ஆண்டுகள். இந்த இடைவெளிக்குக் கருவிப் பற்றாக்குறை முக்கியக் காரணமல்ல என்றே நான் கருதுகிறேன். சிலிக்கானிலிருந்து ஒளி வரும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காததால் அதற்காக யாரும் படலத்தைப் பக்குவப்படுத்தவுமில்லை.

செய்முறைக்கு வருவோம். கருவி மிக எளியது. கண்ணாடியை அமிலம் தின்றுவிடும் என்பதால் டெஃப்லானால் ஆன சிறு கலம். அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஓர் ஓ-வளையம். வளையத்தின் கீழே முகம் மேல்நோக்க வைக்கப்பட்ட சிலிக்கான் வேஃபர். வேஃபரின் பின்பக்கத்தைத் தொடும் உலோகத் தகடு. மேலே அமிலத்தில் அமிழ்ந்திருக்கும் பிளாட்டினம் வலை. வேஃபர் நேர்மின்முனை, பிளாட்டினம் எதிர்மின்முனை. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தோடு எத்தனால் கலந்த கரைசலை ஊற்றி, மாறா மின்னோட்டத்தைச் செலுத்த வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில மில்லி ஆம்பியரிலிருந்து சில நூறு மில்லி ஆம்பியர் வரை தேவைக்கேற்ப மின்னோட்டம் அமையும். கரையும் ஒவ்வொரு சிலிக்கான் அணுவுக்கும் ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு வெளியேறுகிறது. எத்தனால் சேர்க்கப்படாவிட்டால் அந்தக் குமிழிகள் பரப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு குமிழியும் தன் கீழே அரிப்பைத் தடுத்து, படலத்தில் வட்ட வட்டமாகத் தழும்பு விட்டுச் செல்லும். எத்தனால் கரைசலின் பரப்பு இழுவிசையைக் குறைத்துக் குமிழிகளை எளிதில் விடுவிப்பதோடு, நீரை விரும்பாத சிலிக்கான் துளைகளுக்குள் அமிலம் புகவும் வழிசெய்கிறது.

கருவி எளியது என்பதால் வேலை எளியது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலைச் சுட்டு நிற்பதல்ல. அதன் ஃபுளோரைடு உள்ளே ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும். நீர்த்த கரைசல் பட்டால் வலி சில மணி நேரம் கழித்தே தெரியவரலாம். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத அறையில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

இனி, அரிப்பு ஏன் சமமாகப் பரவாமல் துளைகளாக இறங்குகிறது என்ற கேள்வி. சிலிக்கான் கரைவதற்கு மின்துளைகள் பரப்புக்கு வந்து சேர வேண்டும். மின்துளைகள் மிகுந்த பி-வகை வேஃபரில் அவை இயல்பாகவே கிடைக்கின்றன. எலக்ட்ரான்கள் மிகுந்த என்-வகையில் ஒளியைப் பாய்ச்சி உருவாக்க வேண்டியிருக்கிறது. பரப்பில் தற்செயலாக ஒரு சிறு பள்ளம் ஏற்பட்டுவிட்டால், மின்புலம் அதன் நுனியில் குவிந்து மின்துளைகளை அங்கேயே இழுக்கிறது, பள்ளம் ஆழமாகிறது. துளைகளுக்கு இடைப்பட்ட சுவர்கள் ஏன் தப்பிக்கின்றன என்பதற்கு 1991-இல் ஃபோல்கர் லேமனும் உல்ரிக் கோசெலேயும் தந்த விளக்கம் அழகானது. சுவரின் தடிமன் சில நானோமீட்டருக்குக் குறையும்போது, குவாண்டம் அடைப்பினால், அதாவது எலக்ட்ரான்கள் மிகக் குறுகிய இடத்தில் அடைபடுவதால், அதன் ஆற்றல் இடைவெளி விரிகிறது. விரிந்த இடைவெளி, வேஃபரின் உட்பகுதியிலிருந்து மின்துளைகள் சுவருக்குள் நுழைய ஓர் ஆற்றல் தடுப்பாக நிற்கிறது. மின்துளை வராததால் சுவர் மேலும் கரைவதில்லை. அதாவது, படலத்தை ஒளிரவைக்கும் அதே விளைவுதான் அதைக் கரையவிடாமலும் காக்கிறது. இவ்வளவு நுண்ணிய ஓர் அமைப்பை எந்த அச்சுவார்ப்பும், ஒளியால் வடிவம் பதிக்கும் லித்தோகிராஃபியும் இல்லாமல் பொருள் தானே தன் அளவறிந்து செதுக்கிக்கொள்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் வியப்பு குறைவதில்லை.

மின்னோட்டம் உலிர் கண்ட அந்த வரம்பைத் தாண்டினால் நிலைமை தலைகீழாகிறது. அப்போது சிலிக்கான் முதலில் ஆக்சைடாக மாறி, ஆக்சைடு பிறகு கரைகிறது. துளைகளுக்குப் பதில் வழவழப்பான பரப்பு கிடைக்கிறது. ஒரு படலத்தை வேஃபரிலிருந்து முழுதாகக் கழற்றி எடுக்க விரும்புகிறவர்கள், கடைசியில் சில நொடிகள் மின்னோட்டத்தை இந்த வரம்புக்கு மேலே உயர்த்தி, படலத்தின் அடிப்பகுதியை அறுத்துவிடுகிறார்கள்.

துளையின் அளவைப் பெரிதும் முடிவு செய்வது மின்கடத்தலை மாற்றுவதற்காக வேஃபரில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருக்கும் மாசணுக்களின் செறிவு. மிதமாகப் போரான் கலந்த பி-வகையில் சில நானோமீட்டர் விட்டத்தில் கடற்பஞ்சு போன்ற பின்னல் உருவாகிறது. செறிவு மிக அதிகமான வேஃபரில் பத்து நானோமீட்டர் அளவில் நெடுக இறங்கும், கிளைவிட்ட தூண் வடிவத் துளைகள் வருகின்றன. பின்புறம் ஒளியூட்டப்பட்ட என்-வகையிலோ மைக்ரோமீட்டர் அளவுள்ள, அளவெடுத்துத் துளைத்தது போன்ற நேரான துளைகளைப் பெறலாம். படலத்தில் வெற்றிடத்தின் பங்கு எவ்வளவு என்பதை மூன்று முறை எடை பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்: அரிப்பதற்கு முன், அரித்த பின், நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் படலத்தைக் கரைத்தகற்றிய பின். முதல் இரண்டின் வேறுபாட்டை, முதலும் மூன்றாவதும் உள்ள வேறுபாட்டால் வகுத்தால் போதும். கேன்ஹாமின் ஒளிர்வுக்கு இந்தப் பங்கு 80 விழுக்காட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. அதற்காக அவர் மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் படலத்தை அமிலத்திலேயே மணிக்கணக்கில் விட்டுவைத்தார். துளைகள் மெல்ல அகன்று ஒன்றோடொன்று கலக்க, நடுவில் சில நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் இழைகள் தனித்தனியே நின்றன.

பத்தில் எட்டுப் பங்கு வெற்றிடமாக இருக்கும் ஒரு பொருள் ஈரத்தோடு இருக்கும்வரை நிற்கும். உலரும்போதுதான் சிக்கல். இந்தக் கட்டத்தில் நான் சற்று அதிகம் தங்க விரும்புகிறேன், ஏனெனில் செய்முறைக் குறிப்புகளில் மிகச் சுருக்கமாக எழுதப்படுவதும், படலத்தின் தலைவிதியை மிக அதிகமாகத் தீர்மானிப்பதும் இதுவே. 5 நானோமீட்டர் விட்டமுள்ள துளைக்குள் நீர் வற்றும்போது, வளைந்த நீர்ப்பரப்பு சுவர்களை உள்நோக்கி இழுக்கும் நுண்புழை அழுத்தம், பரப்பு இழுவிசையை இருமடங்காக்கித் துளையின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். நீருக்கு அது ஏறத்தாழ 58 மெகாபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல 570 மடங்கு. எத்தனாலுக்கு இது 18 மெகாபாஸ்கல் அளவுக்கும், பென்டேனுக்கு 13 அளவுக்கும் குறைகிறது. ஆகவே படலத்தை முதலில் எத்தனாலாலும் பிறகு பென்டேனாலும் கழுவி உலர்த்துவது வழக்கமாயிற்று. அப்படியும் தடித்த, வெற்றிடம் மிகுந்த படலங்கள் தப்புவதில்லை. ஈரமாக இருக்கையில் கண்ணாடி போல் சீராகத் தெரிந்த பரப்பில் ஓரத்திலிருந்து மெல்லிய கோடுகள் ஓடி, சில நொடிகளுக்குள் வறண்ட குளத்துத் தரைபோலப் பாளம் பாளமாக வெடித்து, ஒவ்வொரு பாளமும் விளிம்பில் சுருண்டு எழும்பும்.

இதற்குத் தீர்வு திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையே பரப்பே இல்லாமல் செய்வது. துளைகளில் திரவக் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி, திரவம், வாயு என்ற வேறுபாடு மறையும் அதன் மாறுநிலைப் புள்ளியான 31 டிகிரி செல்சியஸ், 7.4 மெகாபாஸ்கல் ஆகியவற்றைக் கடந்து சூடாக்கி, பிறகு அழுத்தத்தை மெதுவாக விடுவித்தால், திரவம் வற்றுவது என்ற நிகழ்வே நடப்பதில்லை. கேன்ஹாம் குழுவினர் 1994-இல் இம்முறையால் 95 விழுக்காடு வரை வெற்றிடமுள்ள படலங்களை விரிசலின்றி எடுத்துக் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் வெவ்வேறு ஆய்வகங்களிலிருந்து வந்த முரண்பட்ட ஒளிர்வு அளவீடுகளில் ஒரு பகுதியாவது, இப்படி உலரும்போது பாதி இடிந்துபோன படலங்களிலிருந்து வந்தவையாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒளியியலாளர்களுக்கு இந்தப் பொருளில் பிடித்துப்போனது வேறொரு குணம். அரிப்பு துளையின் நுனியில் மட்டும் நடக்கிறது. ஏற்கெனவே உருவான மேற்பகுதியை அது அநேகமாகத் தொடுவதில்லை. மின்னோட்டத்தைக் கூட்டினால் அந்த ஆழத்தில் வெற்றிடம் கூடும், ஒளிவிலகல் எண் குறையும், குறைத்தால் நேர்மாறு. எனவே மின்னோட்டத்தை நேரத்தோடு மாற்றும் ஒரு வரைபடம், அப்படியே ஆழத்தோடு மாறும் ஒளிவிலகல் எண்ணின் வரைபடமாகப் படலத்துக்குள் பதிந்துவிடுகிறது. 600 நானோமீட்டர் ஒளியைத் திருப்பும் கால் அலைநீள அடுக்குகள் (அடுக்குக்குள் ஒளியின் அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு தடிமன் உள்ளவை) வேண்டுமென்றால், ஒளிவிலகல் எண் 1.5 உள்ள அடுக்கு 100 நானோமீட்டரும், 2.0 உள்ள அடுக்கு 75 நானோமீட்டரும் இருக்கும்படி மின்னோட்டத்தை மாறி மாறி வைத்தால், வெற்றிடக் கலத்தில் படலம் படலமாகப் பூச வேண்டிய ஓர் ஆடி, ஒரே தொட்டியில் சில நிமிடங்களில் உருவாகிறது. 1994 அளவில் பல குழுக்கள் இதைச் செய்துகாட்டின.

அப்படிச் செய்த, பச்சையாக மின்னும் ஒரு படலத்தின் மீது ஒரு துளி எத்தனாலை விட்டால், துளி பரவும் இடமெல்லாம் பச்சை மறைந்து சிவப்பு ஏறும். துளைகளுக்குள் காற்று இருந்த இடத்தில் ஒளிவிலகல் எண் கூடிய திரவம் புகுந்ததே காரணம். எத்தனால் ஆவியானதும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் பச்சை திரும்பும். 1997-இல் கலிஃபோர்னியாவில் மைக்கேல் செய்லரும் ரேசா கதீரியும் தங்கள் சகாக்களுடன் இதே கோட்பாட்டில் ஓர் உயிரி உணரியை அமைத்தார்கள். துளைச் சுவரில் பொருத்தமான மூலக்கூற்றைப் பிணைத்துவைத்தால், அதைத் தேடி வரும் இணை மூலக்கூறு வந்து ஒட்டும்போது, படலத்தின் மேல், கீழ்ப் பரப்புகளிலிருந்து திரும்பும் ஒளி சேர்ந்து உண்டாக்கும் குறுக்கீட்டுப் பட்டைகள் நகர்கின்றன. நகர்வை நிறமாலைமானி அளந்துவிடுகிறது.

ஒளிர்வின் காரணம் குறித்த விவாதம் பத்தாண்டுகள் நீடித்தது. இழைகளின் ஆற்றல் இடைவெளியை விரித்து ஒளியைக் கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு நகர்த்தும் குவாண்டம் அடைப்பே காரணம் என்றார் கேன்ஹாம். 1992-இல் ஜெர்மனியின் பிரான்ட், ஸ்டுட்ஸ்மன் முதலியோர், சிலிக்கானும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிலாக்சீன் என்ற சேர்மம் பரப்பில் உருவாகி ஒளிர்கிறது என்று வாதிட்டார்கள்; நிறமாலைகள் வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தன. ஆனால் உயர் வெப்பத்தில் விரைவாக ஆக்சிஜனேற்றம் செய்து ஹைட்ரஜனை வெளியேற்றிய படலங்களும் தொடர்ந்து ஒளிர்ந்ததால், அந்த வாதம் வலுவிழந்தது. தீர்வுக்கு மிக அருகில் கொண்டுசென்றது, என் மதிப்பீட்டில், 1999-இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் உல்கினும் ஃபோஷேயும் பிறரும் வெளியிட்ட சோதனை. காற்றே படாமல் காக்கப்பட்ட, ஹைட்ரஜன் போர்த்திய படலங்களில், படிகம் சிறுக்கச் சிறுக்க ஒளிர்வு அகச்சிவப்பின் ஓரத்திலிருந்து புறஊதா வரை நகர்ந்தது. குவாண்டம் அடைப்பு சொல்வதும் அதுவே. அதே படலத்தை ஆக்சிஜனுக்குத் திறந்துவிட்டதும், ஒளிர்வு சிவப்பை நோக்கி 1 எலக்ட்ரான் வோல்ட் வரை சரிந்தது. அளவும் முக்கியம், போர்வையும் முக்கியம் என்று ஆனது. காற்றில் திறந்துவைத்த படலங்களை அளந்தவர்கள் எல்லோரும், தாங்கள் அறியாமலே, ஆக்சிஜனின் கையெழுத்தையும் சேர்த்தே படித்துக்கொண்டிருந்தார்கள்.

மின்சாரத்தால் ஒளிரும் சாதனமாக்கும் முயற்சி எங்கே தடுக்கியது என்பதும் இதிலிருந்து புரியும். 1996-இல் ரோச்செஸ்டர் குழு, ஒளி உமிழும் நுண்துளைச் சிலிக்கானையும் அதை இயக்கும் டிரான்சிஸ்டரையும் ஒரே சில்லில் சேர்த்தது. 2000-இல் ஜப்பானில் ஜெல்லோஸும் கோஷிதாவும் புறக் குவாண்டம் திறனை (செலுத்தும் எலக்ட்ரான்களுக்கு எத்தனை ஒளித்துகள்கள் வெளிவருகின்றன என்ற விகிதத்தை) 1 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுவந்தார்கள். இவை பெரிய சாதனைகள். ஆனாலும் சிலிக்கான்-ஹைட்ரஜன் பிணைப்பு காற்றிலும் மின்னோட்டத்திலும் நிலைக்காமல், சாதனம் இயங்க இயங்க மங்கியது. ஆக்சைடு போர்த்தி அதை நிலைப்படுத்தினால், ஆக்சைடு மின்காப்பானாக இருப்பதால் மின்னோட்டம் இழைகளுக்குள் போக மறுத்தது. ஒளிர்வு தணியப் பல மைக்ரோ நொடிகள் எடுப்பதால், சில்லுகளுக்கிடையே ஒளியால் தகவல் அனுப்பும் வேகத்துக்கும் அது ஈடுகொடுக்கவில்லை. இதற்கிடையில் காலியம் நைட்ரைடு என்ற வேறொரு குறைக்கடத்தி நீல ஒளியைக் கைப்பற்றிச் சந்தையை நிரப்பிவிட்டது.

தொழிற்சாலையில் இந்தப் படலம் இடம்பிடித்தது, தன்னைத் தியாகம் செய்யும் இடைநிலைப் பொருளாக. துளைபட்ட பிறகும் சிலிக்கான் ஒற்றைப் படிகமாகவே இருக்கிறது; ஆகவே அதன்மீது எபிடாக்ஸி முறையில், அதாவது அடியிலுள்ள படிகத்தின் அணு வரிசையைத் தொடர்ந்தே, குறைபாடு குறைந்த புதிய படிக அடுக்கை வளர்க்கலாம். மின்காப்பான ஆக்சைடின்மேல் மெல்லிய சிலிக்கான் அடுக்கு கொண்ட வேஃபர்களைச் செய்ய, கேனன் நிறுவனத்தில் தகாவோ யோனெஹாரா உருவாக்கிய எல்ட்ரான் முறை இதைப் பயன்படுத்தியது. துளைச் சுவர்கள் வெப்பத்தில் உருக்குலையாதபடி முதலில் ஏறத்தாழ 400 டிகிரியில் மெல்லிய ஆக்சைடு ஏற்றப்படும். பிறகு 1000 டிகிரிக்கு மேற்பட்ட ஹைட்ரஜன் சூழலில் மேல்வாய்த் துளைகள் அணுக்களின் இடப்பெயர்ச்சியால் தாமே மூடிக்கொள்ளும். அதன்மேல் சிலிக்கான் வளர்க்கப்பட்டு, ஆக்சைடு உள்ள மற்றொரு வேஃபரோடு ஒட்டப்படும். வெற்றிடப் பங்கு வேறுபட்ட இரண்டு துளை அடுக்குகளின் எல்லையில் தகைவு குவிவதால், ஓரத்தில் மெல்லிய நீர்த்தாரையைப் பாய்ச்சினாலே வேஃபர் இரண்டாகப் பிளக்கிறது. எஞ்சிய துளை அடுக்கை அகற்றும் அரிப்பான், திண்மச் சிலிக்கானைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு வேகமாக அதைத் தின்கிறது. உட்பரப்பின் பெருக்கம் இங்கே நேரடியாகக் கைகொடுக்கிறது. பாஷ் நிறுவனம் இதே வகை வெப்ப இடப்பெயர்ச்சியைக் கொண்டு, துளை அடுக்கின் கீழே வெற்றிடக் குழியும் மேலே ஒற்றைப்படிகச் சவ்வும் தாமே உருவாகும்படி செய்து, காற்றழுத்த உணரிகளைத் தயாரித்தது.

உடலுக்குள் செல்லும் பயன்பாட்டில் படலத்தின் நிலையாமை வேறு பொருள் பெற்றது. 1995-இல் கேன்ஹாமே, உடல் திரவத்தை ஒத்த கரைசலில் நுண்துளைச் சிலிக்கான் மெல்லக் கரைந்து, உடல் எளிதில் வெளியேற்றும் சிலிசிக் அமிலமாகிறது என்றும், சில துளை அமைப்புகளின்மீது எலும்புக் கனிமமான ஹைட்ராக்சி அபடைட் வளர்கிறது என்றும் காட்டினார். 2009-இல் செய்லர் குழு, வேஃபரிலிருந்து கழற்றிய படலத்தை மீயொலியால் நூறு நானோமீட்டர் அளவிலான துகள்களாக உடைத்து, நீரில் ஊறவைத்துப் பரப்பில் ஆக்சைடு வளரவிட்டது. ஒளி டயோடு செய்ய முயன்றவர்களுக்கு இடையூறாக இருந்த அதே ஆக்சைடு இங்கே துகள்களின் ஒளிர்வை எழுப்பியது. அந்த ஒளி திசுக்கள் குறைவாக உறிஞ்சும் அண்மை அகச்சிவப்பில் அமைந்ததால், எலிகளின் உடலுக்குள் துகள்கள் சென்ற இடங்களை வெளியிலிருந்தே படம்பிடிக்க முடிந்தது. சுமார் நான்கு வாரங்களில் அவை கரைந்து உடலை விட்டு நீங்கின.